ஏற்காடு மலையில் மின்சாரக் கார்: அடாஸை முழுதாக ஓட விடுவதா, பாதியாகவா, அணைத்துவிடுவதா?

சேலத்தில் மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் ரேஞ்சுக்கு அடுத்தபடியாகக் கேட்பது இப்போது அடாஸை, அதாவது கேமராவும் ரேடாரும் கொண்டு ஓட்டுநருக்கு உதவும் அமைப்பைப் பற்றித்தான். டாடா கர்வ் இவி, ஹாரியர் இவி, மஹிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ, ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக், எம்ஜி இசட்எஸ் இவி, பிஒய்டி அட்டோ 3 என்று பட்டியல் நீள்கிறது. பெரும்பாலும் மேல் வேரியண்ட்டில்தான் கிடைக்கும். விற்பனையாளர் நான்கு வழிச்சாலையில் ஓட்டிக் காட்டுவார், ஸ்டீயரிங் தானாக அசையும், பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் செக்போஸ்ட்டைக் கடந்த பிறகு அதே பொத்தான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை யாரும் ஓட்டிக் காட்டுவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். இந்த வண்டிகளில் இருப்பது எல்லாமே லெவல் 2. வண்டி உதவும், பொறுப்பு ஓட்டுநருடையது. செல்போன் சிக்னல் இல்லாத எஸ்டேட் ரோட்டில் அடாஸ் நின்றுவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. முன்கண்ணாடியின் உச்சியில் உள்ள கேமராவும், பம்பருக்குள் உள்ள 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரும் பார்ப்பதை வைத்து வண்டிக்குள்ளேயே முடிவு எடுக்கப்படுகிறது. சிக்னல் போனால் மேப்பும் அவசர அழைப்பும்தான் போகும். மலையில் அடாஸ் தடுமாறுவதற்குக் காரணம் வேறு: அதன் கண்கள் நேராகப் பார்ப்பதற்காக வைக்கப்பட்டவை, நம் ரோடு நேராக இல்லை.

முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, எல்லாவற்றையும் ஆன் செய்து, அடாப்டிவ் குரூஸும் (முன்வண்டிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) லேன் சென்டரிங்கும் (ஸ்டீயரிங்கைத் திருப்பி வண்டியை லேன் நடுவே வைத்திருப்பது) ஓட்டட்டும் என்று விடுவது. இரண்டு, எச்சரிக்கையையும் தானியங்கி அவசர பிரேக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைப்பது. மூன்று, மொத்தத்தையும் அணைப்பது, அல்லது அடாஸ் இல்லாத வேரியண்ட்டையே வாங்கி அந்தப் பணத்தைப் பெரிய பேட்டரியில் போடுவது. நம் பரிந்துரை ரோட்டுக்கு ரோடு மாறும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் விதி ஒன்றுதான்: மலையில் வண்டியை முடுக்குகிற வசதியையும் திருப்புகிற வசதியையும் அணையுங்கள்; நிறுத்துகிற வசதியை விட்டுவையுங்கள். ஏன் என்று பார்க்கலாம்.

நான்கு வழிச்சாலையில்

பெங்களூரு பக்கம் 44-ம் எண் நெடுஞ்சாலையிலும் கோவை பக்கம் 544-லும் முதல் வழிதான் சரி. கோடு தெளிவாக இருக்கிறது, வளைவுகள் பெரியவை, இரண்டு மணி நேர ஓட்டத்தில் வலது கால் ஓய்வெடுக்கும். இடைவெளியை நான்கு கட்டமாக வைக்கும் வசதி இருந்தால் மூன்றில் வையுங்கள். ஒன்றில் வைத்தால் பிரேக் திடீரென்று விழும். நான்கில் வைத்தால் அந்த இடைவெளியில் ஒரு பைக்காவது புகுந்து, ஒவ்வொரு முறையும் வண்டி பின்வாங்கும். சேலத்துக்குள், அஞ்சு ரோடு மேம்பாலத்தைச் சுற்றி அடாப்டிவ் குரூஸை வைத்து ஓட்டுவது வீண் வேலை. பைக்குகள் குறுக்கே வந்துகொண்டே இருக்கும், வண்டி தலையாட்டிக்கொண்டே இருக்கும், பின் சீட்டில் யாராவது வாந்தி எடுப்பார்கள்.

நெடுஞ்சாலையில் இரண்டு எச்சரிக்கைகள். ரோட்டோரம் பாதி லேனை அடைத்து நிற்கும் லாரியை அடாப்டிவ் குரூஸ் கவனிக்காமல் போகலாம். ரேடாருக்குப் பாலம், பலகை, தடுப்புச் சுவர் எல்லாமே நிற்கும் பொருட்கள்தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் ஓட்டவே முடியாது என்பதால், அதிக வேகத்தில் அசையாத பொருட்களின் எதிரொலிக்கு அது குறைந்த மதிப்பே கொடுக்கும். ஓனர் மேனுவலில் இது எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. பின்விளக்கு எரியாமல் இரவில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு போகும் டிராக்டர் டிரெய்லரும் ஏறக்குறைய அதே ரகம். அது அசைகிறது, ஆனால் 20 கிலோமீட்டர் வேகத்தில். நீங்கள் 90-ல் இருந்தால் அமைப்புக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. இரவில் குரூஸை 70-க்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது.

இரண்டாவது தொப்பூர். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் மின்சாரக் காருக்கு ஒரு நன்மை உண்டு: குரூஸில் வைத்த வேகத்தை ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்புவது) மூலமே பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. ஆனால் அந்த வளைவுகளில் முன்னால் போகும் லாரி கேமராவின் பார்வையை விட்டு ஒரு கணம் விலகினால், ரோடு காலி என்று வண்டி நினைத்து வேகம் கூட்டும். பெட்ரோல் கார் கியர் மாற்றி முக்குவதற்குள் நாம் சுதாரித்துவிடலாம். மின்சார மோட்டாரில் இழுவை உடனே வந்துவிடும். தொப்பூரில் குரூஸை அணைத்துவிட்டு ரீஜெனை ஒரு கட்டம் கூட்டி இறங்குங்கள்.

அடிவாரத்துக்கு மேலே

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,515 மீட்டர். அடிவாரத்திலிருந்து மேலே போகும் பிரதான பாதையில் எண் போட்ட 20 கொண்டை ஊசி வளைவுகள். இங்கேதான் மூன்று வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

ஒரு வளைவை மெதுவாக எடுத்துப் பார்ப்போம். வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி, ஏற்றம், 15 கிலோமீட்டர் வேகம். ஸ்டீயரிங்கை முக்கால்வாசி ஒடித்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் கேமரா பார்ப்பது ரோட்டை அல்ல. எதிரே உள்ள கல் கட்டிய தடுப்புச் சுவரை, அதன் மேல் வளர்ந்த புல்லை. நீங்கள் போகப் போகும் ரோடு உங்கள் வலது ஜன்னலுக்கு வெளியே, தலைக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்துதான் அரசுப் பேருந்து இறங்கி வரும், முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு. ரேடாருக்கும் அந்தப் பேருந்து தெரியாது. சுவர் மட்டும் தெரியும், சில வண்டிகளில் "மோதல்" எச்சரிக்கை அலறும். பேருந்து வளைவுக்குள் நுழைந்து உங்களுக்கு நேரே முகம் காட்டும் அந்த ஒரு வினாடியில்தான் அமைப்பு விழிக்கும். அதற்குள் நீங்கள் ஹாரன் அடித்து, வளைவுக்கு 10, 15 மீட்டர் முன்னால் நின்றிருக்க வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஆனாலும் பேருந்து ஏற்கெனவே வளைவில் பாதி திரும்பியிருந்தால் உரிமை பேசிப் பயனில்லை.

இதில் முதல் வழி எப்படித் தோற்கிறது? அடாப்டிவ் குரூஸைப் பல வண்டிகளில் 30 கிலோமீட்டருக்குக் கீழே செட் செய்யவே முடியாது. கொண்டை ஊசியில் அது அதிகம். முன்னால் போன கார் வளைவில் மறைந்ததும் வண்டி 30-ஐ நோக்கிப் பாயும், சுவரை நோக்கி. லேன் அசிஸ்ட் (கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை இழுத்துத் திருத்துவது) பெரும்பாலான வண்டிகளில் 60-க்கு மேல்தான் வேலை செய்யும், அதனால் மலையில் அது தூங்கிக்கொண்டிருக்கும் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. குறைந்த வேகத்திலும் விழித்திருக்கும் லேன் ஃபாலோயிங் உள்ள மாடல்கள் இருக்கின்றன. அவை நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் ஓரம் ஒதுங்கும்போது ஸ்டீயரிங்கை உள்ளே இழுக்கும். பள்ளத்தைத் தவிர்க்க, குரங்குக்கு வழிவிட, வெளிப்புறம் அகலமாக எடுத்துத் திரும்ப என்று மலையில் கோட்டைத் தாண்டுவது தினப்படி வேலை. அந்த நேரத்தில் கையில் ஓர் எதிர்ப்பு தேவையே இல்லை. மழைக்குப் பின் நிலைமை இன்னும் மோசம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து நின்றது. அதுபோன்ற காலங்களில் மணல் மூட்டையும் தற்காலிகத் தடுப்பும்தான் ரோட்டின் விளிம்பு. பழைய வெள்ளைக் கோடு பள்ளத்துக்குள் போகும், கேமரா அதையும் கோடு என்றே படிக்கும்.

அப்படியானால் மூன்றாவது வழிதானே, எல்லாவற்றையும் அணைத்துவிடலாமே? வேண்டாம். தானியங்கி அவசர பிரேக்கை விட்டுவைக்கலாம். அதற்கு மலையில் பெரிய வேலை இல்லைதான். ஆனால் கோடை விழா நாட்களில், முன்னால் போகும் கார் வளைவு தாண்டியதும் காரணமே இல்லாமல் நின்றுவிடும், நீங்கள் பக்கத்தில் உள்ள காட்சியைப் பார்த்துவிடுவீர்கள். அப்போது அது காப்பாற்றும். தொல்லை தருவது அதன் முன்னெச்சரிக்கை. அதை "தாமதம்" என்ற கட்டத்துக்கு மாற்றினால் சுவருக்கெல்லாம் அலறுவது பெரிதும் குறையும். "சீக்கிரம்" கட்டத்தில் விட்டால், எதிரே வரும் பேருந்தைப் பார்த்து வண்டி பொய்யாக அலறி, நீங்கள் பதறி பிரேக் போட வாய்ப்பு உண்டு. பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பைக்குக்கு அது ஆபத்து.

அடிவாரத்து டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி இதைச் செய்யுங்கள், ஓடும்போது திரையைத் தடவ வேண்டாம். லேன் அசிஸ்ட்டை அணையுங்கள். பல வண்டிகளில் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை நீளமாக அழுத்தினால் போதும். குரூஸ் ஆஃப். முன்மோதல் எச்சரிக்கை தாமதத்தில். ஆட்டோ ஹைபீமையும் அணைத்துவிடுங்கள்: எதிர் வண்டியின் விளக்கை அது பார்க்கும்போது வண்டி வளைவைத் தாண்டி உங்கள் முகத்துக்கு வந்திருக்கும், பைக்காரர் ஏற்கெனவே கண்ணை மூடியிருப்பார். பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை (கண்ணாடியில் தெரியாத பக்கத்தில் வரும் வண்டியைச் சொல்வது) இருக்கட்டும், வளைவின் உள்பக்கம் நுழையும் பைக்குகளை அது சொல்லக்கூடும். அதே மெனுவில் பக்கத்திலேயே ஈஎஸ்சி (வண்டி வழுக்காமல் பிடிக்கும் அமைப்பு) இருக்கும், அதைத் தொடவே கூடாது. அடாஸ் என்று நினைத்து ஈஎஸ்சி-யை அணைத்துவிட்டு ஈர ரோட்டில் இறங்குகிறவர்கள் உண்டு. இன்னொன்று, வண்டியை அணைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போது சில அமைப்புகள் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்பும். மேலே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மறுபடி பாருங்கள்.

நவம்பர், டிசம்பரில் மூடுபனி. கேமரா குருடாகி "முன்கேமரா மறைக்கப்பட்டுள்ளது" என்று திரையில் வரும். ரேடார் பனியில் பார்க்கும் என்றாலும், இரண்டும் ஒத்துப்போனால்தான் பெரும்பாலான அமைப்புகள் பிரேக் போடும். பாதி நேரம் வெளியே பனியே இருக்காது. உள்ளே ஐந்து பேர் விட்ட மூச்சு கேமரா முன்னால் கண்ணாடியில் படிந்திருக்கும். டிஃபாகரை முன்கண்ணாடிக்குத் திருப்பினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் செய்தி போய்விடும்.

இறங்கும்போது

இங்கே அடாஸைவிட ரீஜென்தான் உண்மையான உதவியாளர். கணக்கு எளிது. ஆட்களோடும் பைகளோடும் 1,900 கிலோ வண்டியை 1,200 மீட்டர் தூக்க 6 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். மோட்டார் இழப்பு, டயர் உராய்வு, ஏசி எல்லாம் சேர்த்து ஏறுவதற்கு 9 யூனிட் வரை போகும். 45 யூனிட் பேட்டரியில் அது ஐந்தில் ஒரு பங்கு. இறங்கும்போது அதில் 3 முதல் 4 யூனிட் திரும்ப வரும், பேட்டரியில் இடம் இருந்தால். ரிசார்ட்டில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு கிளம்பினால் ரீஜென் வேலை செய்யாது, அல்லது பலவீனமாக இருக்கும். பிடிக்கும் என்று நம்பி முதல் வளைவுக்கு வந்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். 20 வளைவுக்கும் டிஸ்க் பிரேக்தான், பாதியிலேயே வாசனை வரும். மேலே 80, 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிடுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். ரீஜெனில் ஒரே சீரான வேகத்தில் இறங்கும்போது பின்னால் பிரேக் விளக்கு எரியாது, வேகம் நன்றாகக் குறையும்போதுதான் எரியும். வளைவுக்கு முன் பின்னால் வண்டி இருந்தால் பிரேக் பெடலை லேசாகத் தொட்டுக் காட்டுங்கள். முன்வண்டியின் தூரத்தைப் பார்த்து ரீஜெனைத் தானே கூட்டிக் குறைக்கும் "ஆட்டோ" கட்டம் சில மாடல்களில் உண்டு. அதுவும் ரேடாரை நம்பியது, அதனால் முன்வண்டி வளைவில் மறைந்ததும் பிடியை விடும். இறக்கத்தில் அந்தக் கட்டம் வேண்டாம், கையால் நிலையான ஒரு கட்டத்தில் வையுங்கள்.

குப்பனூர் பாதை, எஸ்டேட் ரோடு

கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும் பாதையும், மேலே நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும் ரோடுகளும் குறுகியவை. இங்கே பேச்சு சுருக்கம்: எச்சரிக்கையும் அவசர பிரேக்கும் மட்டும், மற்றதெல்லாம் ஆஃப். கோடே இல்லாத இடத்தில் லேன் அசிஸ்ட் என்ன செய்யும்? சில்வர் ஓக் நிழல் ரோட்டின் மேல் கோடு கோடாக விழும் காலை வேளையில் கேமரா அதைக் கோடு என்று எண்ணித் தடுமாறுவதும் உண்டு. காட்டெருமைக்கு அவசர பிரேக் விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த அமைப்புகள் கார், பைக், நடந்து போகும் மனிதர்களை அடையாளம் காணப் பழக்கப்பட்டவை. இருட்டில் கறுப்பாக நிற்கும் எருமைக்கு 25 கிலோமீட்டர் வேகமும் உங்கள் கண்ணும்தான் பாதுகாப்பு. இந்த ரோடுகளில் 360 டிகிரி கேமராவுக்குத்தான் மதிப்பு. எதிரே ஜீப் வந்தால் பின்னால் 50 மீட்டர் ரிவர்ஸ் எடுத்து, சக்கரம் தோட்டத்து ஓடையில் இறங்காமல் ஒதுங்க அதுதான் கைகொடுக்கும்.

எலுமிச்சை, சந்தனம், ஃபாஸ்டேக்

அடாஸ் கெட்டுப்போய்விட்டது என்று சர்வீஸுக்கு வரும் வண்டிகளில் ஒரு பகுதிக்குக் காரணம் நம் கைதான். ஆயுத பூஜைக்குக் கிரில்லில் கட்டிய மாலை, திருஷ்டிக்குத் தொங்கவிட்ட எலுமிச்சை மிளகாய், நிறுவனச் சின்னத்தின் மேல் வைத்த சந்தனப் பொட்டு. பல வண்டிகளில் ரேடார் அந்தச் சின்னத்துக்குப் பின்னாலோ பம்பரின் நடுக்கீழ்ப் பகுதியிலோ இருக்கிறது. ஈரச் சந்தனமும் ஈர மாலையும் ரேடார் அலையை உறிஞ்சும், தொங்கும் எலுமிச்சை அதன் முன்னால் ஆடும். பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை; பொட்டைப் பானெட்டில் வையுங்கள், எலுமிச்சையைப் பம்பரின் ஓரத்தில் கட்டுங்கள், மாலையை அன்று மாலையே கழற்றிவிடுங்கள். ஃபாஸ்டேக்கையும் சாமி ஸ்டிக்கரையும் கேமராவின் பார்வையை மறைக்கும்படி ஒட்டக்கூடாது.

லாரி தெறித்த கல்லில் முன்கண்ணாடி உடைந்தால், மாற்றிய பிறகு கேமராவைக் காலிபரேஷன் (அதன் குறியைச் சரிபார்த்து அமைப்பது) செய்தே ஆக வேண்டும். சமதளத்தில், இலக்குப் பலகை வைத்துச் செய்யும் வேலை அது. வெளிக்கடையில் கண்ணாடி மட்டும் மாற்றினால் இது நடக்காது. கேமரா ஒரு டிகிரி விலகினால் 60 மீட்டரில் அதன் குறி ஒரு மீட்டர் தள்ளிப்போகும், அதாவது பக்கத்து லேன் வண்டிக்கு பிரேக் விழலாம். இன்ஷூரன்ஸ் எஸ்டிமேட்டில் காலிபரேஷன் தனி வரியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பம்பர் கழற்றி மாட்டினாலும் இதே கதை ரேடாருக்கு.

எதை வாங்குவது?

வாரம் ஒரு முறை பெங்களூரோ கோவையோ போகிறவர் அடாஸ் வேரியண்ட்டை எடுக்கலாம், கொடுத்த பணத்துக்கு வேலை நடக்கும். வீடு ஏற்காட்டில், கடை சேலத்தில், தினமும் ஏறி இறங்குகிறவர் என்றால் அடாஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. கையால் மாற்றும் ரீஜென் கட்டங்கள், 360 கேமரா, நல்ல பனிவிளக்கு, பெரிய பேட்டரி என்ற வரிசையில் பாருங்கள். இந்த நான்கும் மேல் வேரியண்ட்டில் மட்டும்தான், அதோடு அடாஸும் சேர்ந்து வருகிறது என்றால் வாங்கிக்கொண்டு, அடிவாரத்தில் பாதியை அணைத்துவிட்டு ஏறுங்கள்.

டெஸ்ட் டிரைவை நான்கு வழிச்சாலையோடு முடிக்க விடாதீர்கள். அடிவாரம் வரை போய் நான்கைந்து வளைவு ஏறி இறங்கக் கேளுங்கள். பார்க்க வேண்டியவை: லேன் அசிஸ்ட்டை ஒரே அழுத்தலில் அணைக்க முடிகிறதா, அணைத்தது அடுத்த ஸ்டார்ட்டுக்குப் பிறகும் நினைவில் இருக்கிறதா, ரீஜெனைத் திரைக்குள் போகாமல் ஸ்டீயரிங்கிலிருந்தே மாற்ற முடிகிறதா, ஏ பில்லர் (முன்கண்ணாடியின் ஓரத் தூண்) வளைவின் உள்பக்கத்தை எவ்வளவு மறைக்கிறது. கடைசியாகச் சொன்னதை எந்த சென்சாரும் சரிசெய்யாது. அது பிடிக்கவில்லை என்றால் வேறு மாடல் பாருங்கள்.